வலது கன்னம்

வெள்ளை படிஞ்சிருக்குன்னு சொன்னாங்க
பாரிமுனை பல் ஆஸ்பத்திரியில.
சின்ன டார்ச்சு, ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சி,
மூக்குக் கண்ணாடி போட்ட பொண்ணு டாக்டர்.
"எத்தனை வருஷமாம்மா போடுறீங்க?"
வேலைக்கு வந்த நாள்லருந்துன்னேன்.

வேலைக்கு வந்த நாள்னா
மூலக்கொத்தளம் முக்கு,
மூணு நாள் மழையில ஊறின நாய்.
கிட்டப் போன வேகத்துல திரும்பி ஓடி
சுவத்தோரம் வாந்தி எடுத்தேன்.
கூட நின்ன சின்னராணி
உள்ளங்கையில ஒரு கிள்ளு போயிலை வச்சா.
"வாயில அடக்கு, மூக்கு மூடிக்கும்."
மூடிக்கிச்சு.
இருபத்தாறு வருஷம்.

கார்ப்பரேஷன் துடைப்பம் குடுத்துச்சு.
பச்சைச் சட்டை குடுத்துச்சு, அப்புறம் ஆரஞ்சு.
அப்புறம் எங்களையே
ஒரு கம்பெனிக்குக் குடுத்துச்சு.
மூக்குக்குன்னு குடுத்தது பெட்டிக்கடை மட்டும்தான்,
தடை போட்ட பிறகும்,
காலண்டருக்குப் பின்னாலருந்து.

டாக்டர் ஒரு அட்டை வில்லை நீட்டினா.
புதினா வாசம்.
"மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது.
காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கி வைங்க,
அடங்கினா மறுபடி மெல்லுங்க."
எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.
ஒதுக்கி வைக்கிறதப் பத்தி
எங்களுக்கே சொல்றியா கண்ணு.

மூணாம் நாள் தலை வெடிச்சுது.
அஞ்சாம் நாள், மகன் தட்டத் தள்ளினான்னு
கரண்டிய வீசினேன். சுவத்துல சாம்பார்.
ஒன்பதாம் நாள் செவ்வாக்கெழமை,
ஓட்டேரிப் பாலத்துக்குக் கீழ,
யாரும் பாக்காம ஒரு கிள்ளு.
பொய் சொல்ல மாட்டேன்,
உயிர் வந்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் டாக்டர் முன்னாடி ஒக்காந்து அழுதேன்.
அவ திட்டல.
சீட்டப் பாத்து, "எட்டு நாள் இருந்திருக்கீங்க"ன்னா.
நான் விழுந்ததத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன்.
அவ நின்னத எண்ணினா.

ரெண்டு மாசம் போச்சு.
மொகம் காட்டி அட்டெண்டன்ஸ் போடுற போனு
ஒரு விடியக்காலையில என்னைத் தெரியாதுன்னுது.
வலது கன்னத்து மேடக் காணோம் அதுக்கு.
பின்னாடி வரிசை நிக்குது, வண்டி ஹாரன் அடிக்குது.
சூப்பர்வைசர் தணிகைவேலு தலையச் சொறிஞ்சுக்கிட்டு
"நாக்கால கன்னத்த உள்ளருந்து முட்டேன்மா"ன்னான்.
முட்டினேன்.
டிங்குன்னு பச்சை விழுந்துச்சு.
பழைய நாகபூஷணத்துக்குத்தான் அன்னிக்குச் சம்பளம்.

அப்புறம் வந்துச்சு வாசம்.
நாலரை மணிக்கு டீக்கடையில பொங்குற பால்.
கொத்தவால்சாவடி ஓரம் கொட்டிக் கெடந்த சாமந்தி.
மருமக தலையில சீயக்காய்.
இதெல்லாம் இருந்துச்சா இத்தன நாளான்னு
நின்னு நின்னு மோந்தேன், பைத்தியக்காரி மாதிரி.

அதே மூக்குதானே, மத்ததும் வந்துச்சு.
கோழிக் கழிவு. இறால் தோல்.
பேப்பர்ல கூடச் சுத்தாம வீசின நாப்கின்.
மண்டபத்து எச்சில் இலை, மூணாம் நாளது.
இருபத்தாறு வருஷமா எதை அள்ளினேன்னு
ஒரே காலையில தெரிஞ்சுது.
கொடல் பொரண்டுச்சு.
பாப்பம்மா மடிய அவுத்தா,
"ஏன்டி இந்தப் பாடு, இந்தா."

கை போச்சு.
போன கைய இழுத்து
பின்னாடி கட்டிக்கிட்டு,
அந்த அழுக்குச் சட்டையோடயே
வார்டு ஆபீசுக்கு நடந்தேன்.
ஆஸ்பத்திரிச் சீட்ட மேசையில வச்சேன்.
வாசம் தடுக்கிற மாஸ்க்கு வேணும் சார்,
எனக்கு மட்டும் இல்ல, நாப்பத்தொரு பேருக்கு.

அவரு சீட்டப் பாக்கல.
பாக்கெட்டுலருந்து கைக்குட்டைய எடுத்து
மெதுவா மூக்குல வச்சுக்கிட்டாரு.

அதேதான் சார், ன்னேன்.
அதத்தான் கேக்குறேன்.

ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு.
நான் வில்லைய
இடது கன்னத்துக்கு மாத்தி ஒதுக்கிட்டு
நின்னேன்.